தண்ணீரில் போட்டால்தான் தெரியும்

குளோரோஃபார்ம் மாதிரியான கரிமக் கரைப்பானில், நாம் தேர்ந்தெடுத்த ஒரு மூலக்கூறை மட்டும் பிடிக்கும் பாலிமரை, அதாவது ஒரு வகைப் பிளாஸ்டிக்கை, செய்துவிடலாம். அதே பாலிமரைத் தண்ணீரில் போட்ட பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது.

தியோஃபிலின் என்ற ஆஸ்துமா மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை, பாலிமராகக் கோத்துக்கொள்ளும் மெத்தாக்ரிலிக் அமிலத்தோடும், அந்தச் சங்கிலிகளைக் குறுக்கே கட்டும் குறுக்கிணைப்பானோடும் கரைத்துச் சூடாக்கினால் எல்லாம் சேர்ந்து கட்டியாக இறுகும். இடித்து, சலித்து, மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் விட்டு விடாமல் கழுவினால் மருந்து வெளியேறி, அது இருந்த இடம் குழியாக நிற்கும், களிமண்ணில் அழுத்திய காசை எடுத்த பிறகு தடம் நிற்கிற மாதிரி. 1993இல் சுவீடனின் லுண்டில் கிளாஸ் மோஸ்பாக் குழு இப்படிச் செய்த பாலிமர் தியோஃபிலினைப் பிடித்தது, காஃபீனைக் கிட்டத்தட்டத் தொடவே இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு மெத்தில் தொகுதிதான், ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும்! எனக்கு இன்றைக்கும் அது ஆச்சரியம். ஆனால் ரத்தத்தில் இருந்த மருந்தை முதலில் கரிமக் கரைப்பானுக்கு மாற்றி, அங்கேதான் அளந்தார்கள்.

ஏனென்றால் குழிக்குள் மருந்தைப் பிடித்து வைப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன் பிணைப்பு, அதாவது மூலக்கூறுகள் ஹைட்ரஜன் வழியாக ஒன்றையொன்று லேசாகப் பிடித்துக்கொள்வது. தண்ணீரும் அதே பிணைப்பைப் போடும். ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 55 மோல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு) தண்ணீர் மூலக்கூறுகள், நாம் தேடும் மருந்தோ அதில் ஆயிரத்தில், லட்சத்தில் ஒரு பங்குகூட இருக்காது, அப்படியானால் அந்த இடத்தில் முதலில் போய் உட்காருவது யார்? போதாததற்கு, எண்ணெய்த்தன்மை உள்ள எதையும் தண்ணீர் பிளாஸ்டிக் பரப்பின் மேல் தள்ளிவிடும்.

என் முதல் பாலிமர் தண்ணீரிலிருந்து மருந்தை நன்றாகவே இழுத்தது. அன்று இரவு சந்தோஷமாகத் தூங்கினேன். மறுநாள், மருந்தே சேர்க்காமல் செய்த வெற்றுப் பாலிமரை அதே கரைசலில் போட்டேன், அதுவும் ஏறக்குறைய அதே அளவு இழுத்திருந்தது. குழி எதையும் அடையாளம் காணவில்லை, வெறுமனே ஒட்டியிருக்கிறது.

சரி, வழி இல்லையா? இருக்கிறது. தண்ணீரோடு சண்டை போடாமல் அதன் குணத்தையே பயன்படுத்த வேண்டும். கலிஃபோர்னியாவில் கென்னத் ஷே குழுவினர் தேனீ விஷத்தில் உள்ள மெலிட்டின் என்ற பெப்டைடை (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி) பிடிக்கப் பாலிமர் நுண்துகள்கள் செய்தார்கள். மெலிட்டினில் 26 அமினோ அமிலங்கள், கொஞ்சம் எண்ணெய்த்தன்மை, கொஞ்சம் நேர்மின்சுமை. துகளிலும் அதற்கு ஈடாக எண்ணெய்த்தன்மையும் எதிர்மின்சுமையும் வைத்தார்கள். 2010இல் அந்தத் துகள்கள் உயிருள்ள எலியின் ரத்தத்திலேயே விஷத்தைப் பிடித்தன.

அதனால் இப்போதெல்லாம் ஒரு ஆய்வுக் கட்டுரை கைக்கு வந்தால், அதன் வரைபடத்தில் வெற்றுப் பாலிமரின் கோடு தண்ணீரில் எங்கே போகிறது என்றுதான் முதலில் தேடுகிறேன். அந்தக் கோடு இல்லாவிட்டால் மேலே படிப்பதில்லை.