அக்காவின் கௌதி

எங்கள் கீழ்வீட்டு அக்கா தார்வாட்காரர். நாங்கள் பெங்களூருக்கு வந்ததிலிருந்து பன்னிரண்டு வருஷப் பழக்கம். அவர் கன்னடத்தில் பேசுவார், நான் பாதி தமிழும் பாதி கன்னடமுமாகப் பதில் சொல்வேன். அவர் பேத்திக்கென்று தொடங்கிய கௌதியை நான் போன வாரம் முடித்தேன்.

கௌதி என்பது வட கர்நாடகத்துப் போர்வை. பஞ்சு கிடையாது. பழைய சேலையும் வேட்டியும் நாலைந்து அடுக்கு, மேலே துண்டுத்துணிகள், எல்லாம் கையால் போடும் ஓட்டுத்தையல். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணிதான் வேண்டும். புதுத்துணி கூடாது என்பார் அக்கா.

அவருக்குப் பார்க்கின்சன். வலது கை நடுங்குகிறது. ஊசியில் நூல் கோக்கவே கால்மணி நேரம் ஆகிறது என்று எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். தை மாதம் ஒரு நாள், நான் போனபோது அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “என் கையால இனி ஆகாது. நீ முடிச்சுக் கொடு.”

பையைப் பிரித்தேன். விட்ட இடத்திலேயே ஊசி குத்தியிருந்தது. மழைக்காலம் முழுக்க அப்படியே கிடந்து துருவேறி, சுற்றிலும் பழுப்புக் கறை. எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் காயவைத்து அலசினேன். கறை மங்கியதே தவிர முழுசாகப் போகவில்லை.

அக்கா கௌதியை ஓரத்தில் தொடங்கி உள்பக்கமாகச் சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டு வருவார். கடைசியில் நடுவில் வந்து முடியும். மொட்டைமாடியில் விரித்து, முழங்கால் போட்டு உட்கார்ந்து ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். முதல் வரிசைகளில் ஒவ்வொரு தையலும் அரிசிமணி அளவு, ஒன்றுபோல. பத்துப் பன்னிரண்டு வரிசை தாண்டியதும் தையல் சின்னதாகிறது. ரவை மாதிரி நெருங்கி நெருங்கி விழுந்திருக்கிறது. அப்புறம் ஒன்று நீளம், ஒன்று குட்டை. கடைசி நாலு வரிசை கோடே நிற்காமல் அலைகிறது.

அந்தச் சின்னத் தையலை எப்போது போட்டீர்கள் என்று கேட்டேன். மகள் சீமந்தத்துக்கு வந்திருந்தபோது என்றார். டாக்டர் நோயின் பெயரைச் சொன்னது அதற்கு ஒரு வருஷம் கழித்துத்தான். இந்த நோயில் கையெழுத்து சின்னதாகிக்கொண்டே போகும் என்று அப்போது சொன்னார். துணியில் அது முன்னாடியே எழுதியிருக்கிறது. பக்கத்திலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த நான், “கண்ணாடியை மாத்துங்க அக்கா” என்று சொன்னது இப்போதும் உறுத்துகிறது.

“அந்த நாலு வரியையும் பிரிச்சுட்டு நேராப் போட்டுடு” என்றார் அக்கா. கத்தரியை எடுத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். முதல் தையலுக்கு அடியில் முனையை நுழைத்தேன். ஒவ்வொன்றுக்கும் அவர் எவ்வளவு நேரம் மல்லுக்கட்டியிருப்பார் என்று தோன்றியதும் கை வரவில்லை. பிரிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், “சரி, இருக்கட்டும். நீயாவது நேராப் போடு” என்றார்.

மத்தியானம் மாத்திரை போட்டுக்கொண்டால் கொஞ்ச நேரம் அவருக்குக் கை அடங்கும். அந்த நேரத்தில்தான் தைப்போம். நான் தரையில், அவர் நாற்காலியில். ஒவ்வொரு தையலாக இழுக்காதே, நாலைந்தை ஊசியிலேயே ஏற்றிக்கொண்டு ஒரே இழுப்பாக இழு என்று சொல்லிக்கொடுத்தார். உள்ளே அவர் அம்மாவின் இல்கல் சேலை இருந்தது. உடல் நூல், முந்தானை சிவப்புப் பட்டு. முந்தானை வந்த இடத்தில் ஊசி வழுக்கிக்கொண்டே போனது, என் இடது ஆள்காட்டி விரல் பொத்தல் பொத்தலாகிவிட்டது. ஆறு வாரம் ஆயிற்று.

நடுத்துண்டுக்கு என் சேலை ஒன்று வேண்டும் என்று அக்கா பிடிவாதமாகக் கேட்டார். மதுரையில் வாங்கிய சுங்குடி, அரக்கு நிறம். புள்ளிக்குப் புள்ளி முடிச்சுப் போட்ட சுருக்கம் பல வருஷம் உடுத்தியதில் தேய்ந்திருந்தது. உள்ளங்கை அளவு வெட்டி மூன்று பக்கம் தைத்தேன். “நில்லு” என்று கையைக் காட்டினார்.

கடைசித் துண்டை மூடுவதற்கு முன் அதற்குள் ஒரு விள்ளல் ரொட்டி வைப்பது அவர் அம்மாவின் வழக்கமாம். போர்த்திக்கொள்கிறவர்கள் பசியறியாமல் இருக்கவேண்டும் என்று. ஊரிலிருந்து வந்த மொறுமொறுப்பான கடக் சோள ரொட்டியை டப்பாவிலிருந்து எடுத்து, நகத்தளவு ஒடித்தார். விரல் நடுங்கி முதல் விள்ளல் தரையில் விழுந்தது. நான் எடுக்கக் குனிந்தேன், வேண்டாம் என்றார். இன்னொன்று ஒடித்து, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, சுங்குடிக்கு அடியில் தள்ளினார்.

“ஹொட்டெ தும்பலி” என்றார். வயிறு நிறையட்டும்.

நாலாவது பக்கத்தை நான் தைத்தேன்.