சங்கதி பிரேக்கில்தான்

அக்டோபர் 4, 2025, சனி

இந்த வாரம் ரயில் ஓட்டும் வீடியோ விளையாட்டில் முழுக்க யாமனோதே தடம்தான். டோக்கியோ நகரின் நடுப்பகுதியை வளையமாகச் சுற்றிவரும் தடம். 34.5 கிலோமீட்டர், 30 நிலையங்கள், ஒரு சுற்று வர ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதை முழு வட்டமும் ஓட்டவிடும் 'டென்ஷா தே கோ' விளையாட்டு 2020 டிசம்பரில் வந்தது. இந்த வரிசையின் முதல் விளையாட்டை 1996இல் டைட்டோ நிறுவனம் ஆர்கேடுகளுக்காக, அதாவது காசு போட்டு ஆடும் விளையாட்டுக் கூடங்களுக்காகச் செய்தது. அடுத்த வருடம் பிளேஸ்டேஷனுக்கு வந்தபோது, அதற்கென்றே தனி கன்ட்ரோலரும் வந்தது: இடது கைக்கு வேகம், வலது கைக்கு பிரேக்.

"ஸ்டியரிங்கே கிடையாது. தண்டவாளம் போற வழியிலதான் போகப்போகுது. இதுல ஓட்ட என்ன இருக்கு?" வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது இது. நிறுத்த இருக்கிறது என்பேன். ரயிலைக் கிளப்ப யாராலும் முடியும். 11 பெட்டிகள், 220 மீட்டர் நீளம் உள்ள வண்டியைக் குறித்த நொடியில், குறித்த இடத்தில், நின்றபடி வருகிற பயணி கம்பியைத் தேடிப் பிடிக்க வேண்டியிராதபடி நிறுத்துவதுதான் வேலை.

இப்போது அங்கே ஓடும் இ235 வகை வண்டியில் கைப்பிடி ஒன்றுதான். தன் பக்கம் இழுத்தால் வேகம், முன்னே தள்ளினால் பிரேக். வேகத்துக்கு 5 நாட்ச் (கைப்பிடி நின்று நகரும் படிகள்), பிரேக்குக்கு 8. அதையும் தாண்டித் தள்ளினால் அவசர பிரேக். நடைமேடை நெருங்கும்போது முதலில் அழுத்தமாகப் பிடித்து, வேகம் இறங்க இறங்க ஒவ்வொரு நாட்சாகத் தளர்த்தி, கடைசி ஓரிரு மீட்டரை முதல் நாட்சிலேயே உருட்டிக்கொண்டு போய் நிறுத்த வேண்டும். கடைசிவரை அழுத்தியே வைத்திருந்தால், வண்டி நின்ற கணத்தில் அந்த விசை சட்டென்று அறுந்து, உள்ளே நிற்பவர்களைப் பின்பக்கம் தள்ளும்.

நிப்போரியிலிருந்து நிஷி-நிப்போரிவரை உள்ள துண்டு எனக்குத் தனிப் பிரியம். மொத்தமே 500 மீட்டர். வண்டியின் வால் இந்த நடைமேடையை விட்டு வெளியே வந்து மூச்சு விடுவதற்குள் அடுத்த நிறுத்தத்துக்கு பிரேக்கைத் தொட வேண்டும். அவசரப்படவும் கூடாது, தயங்கவும் கூடாது. இன்று மாலை அந்த ஒரு துண்டையே திரும்பத் திரும்ப ஓட்டினேன்.

அக்டோபர் 6, திங்கள்

வேலை முடிந்து வர நேரமாகிவிட்டது, கொஞ்சம்தான் ஓட்ட முடிந்தது.

நொடிக்கணக்கைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன். பயணிகள் பார்க்கும் கால அட்டவணையில் நிமிடம்தான் இருக்கும். ஓட்டுநர் முன்னால் இருக்கும் அட்டவணையில் நொடியும் இருக்கும். கேபினின் மேசையில் ஒரு சட்டைப்பை கடிகாரம் பொருந்துகிற அளவுக்குக் குழி வெட்டியிருப்பார்கள். 1929இல் செய்கோவின் கடிகாரம் ஜப்பான் ரயில்வேயின் அதிகாரபூர்வக் கடிகாரமாகத் தேர்வானது. இன்றும் அந்த வகைக் கடிகாரம் ரயில் ஊழியர்களோடு போகிறது. விளையாட்டில் திரையின் ஓரத்தில் ஓடும் நொடிகளுக்கு இத்தனை வருடப் பழக்கம் பின்னால் இருக்கிறது.

2017 நவம்பர் 14 அன்று த்சுகுபா எக்ஸ்பிரஸ் வண்டி ஒன்று மினாமி-நாகரேயாமா நிலையத்திலிருந்து 9:44:40க்குப் பதிலாக 9:44:20க்குக் கிளம்பிவிட்டது. இருபது நொடி முன்கூட்டிப் போனதற்கு நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. உலகம் முழுக்க அதை வேடிக்கைச் செய்தியாகப் போட்டார்கள். எனக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை. தாமதமாகப் போன வண்டியைப் பிடித்துவிடலாம், முன்னாலேயே போய்விட்டதை எப்படிப் பிடிப்பது?

அக்டோபர் 8, புதன்

இன்று யாமனோதேக்கு விடுமுறை. 'ஜேஆர் ஈஸ்ட் டிரெய்ன் சிமுலேட்டர்' என்ற இன்னொரு ரயில் விளையாட்டின் பக்கம் போனேன். 2022 செப்டம்பரில், ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் முதலில் வந்தது. இதில் வரைந்த காட்சி கிடையாது. நிஜ ரயிலின் முன்கண்ணாடி வழியே எடுத்த வீடியோவை, நாம் போகிற வேகத்துக்கு ஏற்றபடி ஓட்டிக்காட்டுகிறார்கள்.

இதைச் செய்த ஓன்காகுகான் நிறுவனத்தின் தலைவர் மினோரு முகாயா. காசியோபியா என்ற ஜாஸ் ஃப்யூஷன் குழுவில் கீபோர்டு வாசித்தவர். இவருடைய முதல் 'டிரெய்ன் சிமுலேட்டர்' 1995இல், சூவோ தடத்தின் ஆரஞ்சு நிற 201 வண்டியோடு வந்தது. அங்கிருந்து வளர்ந்து, ஓட்டுநர்களுக்கே பயிற்சி தரும் கருவிகளை ரயில் நிறுவனங்களுக்குச் செய்து கொடுக்கும் இடத்துக்கு வந்துவிட்டார்கள். இது போதாதென்று, ரயில் கிளம்பும்போது நடைமேடையில் ஒலிக்கும் சின்ன மெட்டுகளையும் பல நிலையங்களுக்கு முகாயா போட்டுக் கொடுத்திருக்கிறார். சிறு வயது ரயில் ஆசையை இவ்வளவு தூரம் கொண்டுபோன மனிதரை நினைத்தாலே சந்தோஷமாக இருக்கிறது.

படப்பிடிப்பு முறைக்கு ஒரு விசித்திரம் உண்டு. படம் எடுத்த வண்டியைவிட நாம் மெதுவாக நடைமேடைக்குள் நுழைந்தால், அங்கே நடக்கிறவர்களும் மெதுவாக நடப்பார்கள். பை மாட்டிய ஒருவர் அரை அடி எடுத்து வைக்க இரண்டு மூச்சு நேரம் ஆகிறது. வண்டி சரியான வேகத்தில் நுழைந்தால் அவர் சாதாரணமாக நடந்து போகிறார். என் பிரேக் சரியா என்று பார்க்க இப்போதெல்லாம் நான் வேகமானியைவிட அவரைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

அக்டோபர் 11, சனி

அக்கா வந்திருந்தாள். அவள் மகனுக்கு எட்டு வயது. கன்ட்ரோலரை விடவே இல்லை. அவனுக்கு விரல் நீட்டிச் சொல்லும் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தேன்: வேகமானியைக் காட்டி வேகத்தைச் சொல்ல வேண்டும், கதவு மூடியதற்கான விளக்கு எரிந்தால் அதைக் காட்டிச் சொல்ல வேண்டும். ஜப்பானிய ஓட்டுநர்கள் தனியாக இருக்கும் கேபினில் வெள்ளைக் கையுறை விரலை நீட்டி, வாய்விட்டுச் சொல்வார்கள்.

"யாருமே இல்லாதப்ப யார்கிட்ட சொல்றாங்க மாமா?"

"தனக்குத்தான்டா. கண்ணு பாத்ததை வாய் சொன்னா, கை தப்பா போகாது."

சும்மா சொல்லவில்லை. ஜப்பானின் ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1994இல் இதைச் சோதித்துப் பார்த்தது. விரலும் நீட்டாமல் வாயும் திறக்காமல் வேலை செய்தபோது 100 செயலுக்கு 2.38 ஆக இருந்த தவறு, விரல் நீட்டி வாய்விட்டுச் சொன்னபோது 0.38 ஆகக் குறைந்தது. கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு. அவன் போகும்போது மாடிப்படி விளக்கைக் காட்டி "அணைச்சாச்சு!" என்று கத்திவிட்டுப் போனான். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

திங்களன்று நொடிகளைப் புகழ்ந்து எழுதினேன். அதோடு இதையும் எழுதாவிட்டால் பாதி உண்மைதான் எழுதியதாகும்.

2005 ஏப்ரல் 25 காலை, ஃபுகுசியாமா தடத்தில் ஒரு வண்டி இதாமி நிலையத்தில் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஏறக்குறைய 70 மீட்டர் ஓடி நின்றது. பின்னால் வந்து, பயணிகளை ஏற்றி, ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமான தாமதத்தோடு கிளம்பியது. அமகாசாகிக்கு முன்னால் 70 கிலோமீட்டர் வேக வரம்புள்ள வளைவில் ஏறக்குறைய 116இல் நுழைந்து, தடம்புரண்டு, ஒரு குடியிருப்புக் கட்டடத்தில் மோதியது. ஓட்டுநரையும் சேர்த்து 107 பேர் இறந்தார்கள். அவருக்கு 23 வயது. தவறு செய்த ஓட்டுநர்களைத் தண்டனை போன்ற மறுபயிற்சிக்கு அனுப்பும் வழக்கம் அந்த நிறுவனத்தில் இருந்தது. அந்த பயம் அவர் கவனத்தைச் சிதறடித்திருக்கலாம் என்று விசாரணை அறிக்கை சொன்னது.

விளையாட்டில் நிறுத்தக் கோட்டைத் தாண்டி நின்றால் புள்ளி போகும், அவ்வளவுதான். தாமதத்தை ஈடுகட்ட வளைவில் வேகத்தைக் கூட்டத் தோன்றும்போதெல்லாம் எனக்கு அந்த வளைவு ஞாபகம் வரும். அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: வேக வரம்பை எதற்காகவும் மீறுவதில்லை. புள்ளி போனால் போகட்டும். ஷினகாவா - ஒசாகி துண்டில் தாமதமாகவே போய்ச் சேர்ந்தாலும் பரவாயில்லை. நேரம் தவறாமை அழகுதான். ஆனால் அதை ஓட்டுநரின் பயத்தின் மேல் கட்டக்கூடாது.

அக்டோபர் 14, செவ்வாய்

ஜப்பானில் இன்று ரயில்வே தினம். 1872இல் இதே தேதியில் ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே முதல் ரயில் தடத்தைத் திறந்துவைத்தார்கள். 29 கிலோமீட்டர், 53 நிமிடம். எட்மண்ட் மோரெல் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் அந்த வேலையை முன்னின்று நடத்தினார், திறப்பைப் பார்க்காமலேயே அதற்கு முந்தைய வருடம் இறந்துபோனார். தகனாவா பகுதியில் ராணுவத் துறை நிலம் தர மறுத்ததால், கடலுக்குள்ளேயே கல் கரை கட்டி, அதன்மேல் தண்டவாளம் போட்டார்கள்.

பிற்பாடு கடலைத் தூர்த்து நிலமாக்கியபோது அந்தக் கரை மண்ணுக்குள் போய்விட்டது. 2019இல் ஷினகாவா அருகே மறுசீரமைப்பு வேலை நடந்தபோது கற்கள் வரிசையாக வெளியே வந்தன. அதன் பக்கத்தில்தான் 2020 மார்ச் 14 அன்று தகனாவா கேட்வே நிலையம் திறந்தது. யாமனோதேயின் முப்பதாவது நிலையம். நான் தினமும் பிரேக் போட்டு நுழைகிற அந்த வெள்ளைக் கூரை நிலையத்தின் அருகே முதல் தடத்தின் கல் கிடக்கிறது என்று இன்று படித்ததும், இரவுச் சாப்பாட்டை ஒத்திவைத்துவிட்டு அங்கேயே ஓட்டினேன். ஷினகாவாவிலிருந்து 0.9 கிலோமீட்டர். பிரேக் பிடித்து, தளர்த்தி, முதல் நாட்சில் உருண்டு, கோட்டிலேயே நின்றது.

நாளை ஹச்சிகோ தடத்தின் டீசல் வண்டியை எடுக்கப் போகிறேன். ஒற்றைத் தடம், யாமனோதேயின் நெரிசல் எதுவும் கிடையாது. டீசலின் பிரேக் கைக்குப் பிடிபட எவ்வளவு நேரமாகிறது என்று எழுதுகிறேன்.