ஹாலஜன் வரிசை: ஊதா எங்கே மறைந்தது?

ஹாலஜன் தொகுதியில் (ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின்) கீழே போகப் போக வினைத்திறன் குறையும் என்பது எல்லாருக்கும் மனப்பாடம். வினைத்திறன் மிக்க ஹாலஜன், குறைந்ததை அதன் உப்புக் கரைசலிலிருந்து வெளியேற்றும். அதைச் சோதனைக் குழாயில் காட்டச் சொன்னால்தான் குழப்பம் வருகிறது. நீர்த்த புரோமின் நீரும் மஞ்சள். அயோடைடு கரைசலில் கொஞ்சம் அயோடின் வெளிவந்தாலும் மஞ்சள்தான்.

ஆகவே நீரின் நிறத்தை நம்பாதீர்கள். பொட்டாசியம் குளோரைடு, புரோமைடு, அயோடைடு ஆகியவற்றின் 0.1 மோலார் கரைசலைத் தனித்தனிக் குழாய்களில் 2 மி.லி. எடுத்து, ஒவ்வொன்றிலும் 1 மி.லி. சைக்ளோஹெக்சேன் ஊற்றுங்கள். நச்சுப்புகையை உறிஞ்சும் ஆய்வகப் பெட்டிக்குள் (fume hood) வைத்துக் குளோரின் நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அடைத்துக் குலுக்குங்கள். மேலே மிதக்கும் சைக்ளோஹெக்சேன் அடுக்கு ஆரஞ்சானால் புரோமின், ஊதாவானால் அயோடின். குளோரைடில் மாற்றம் இருக்காது. அடுத்த சுற்றில் புரோமின் நீரை விட்டால் அயோடைடு மட்டும் ஊதாவாகும். அயோடின் யாரையும் வெளியேற்றாது. வெறும் நீரில் புரோமின் நீர் விட்ட ஒரு குழாயையும் பக்கத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் குளோரைடு குழாயில் தெரியும் ஆரஞ்சை வினை என்று எழுதிவிடுவார்கள்.

சைக்ளோஹெக்சேனுக்குப் பதில் தாவர எண்ணெய் கூடாது. அதன் இரட்டைப் பிணைப்புகள் புரோமினை உறிஞ்சி நிறத்தை அழித்துவிடும். அசிட்டோன் இன்னும் மோசம்: நீரோடு கலந்துவிடும், புரோமினோடு சேர்ந்து கண்ணைக் கரிக்கும் புரோமோஅசிட்டோனையும் தரும்.

அடிக்கடி நடப்பது வேறொன்று. அயோடைடு குழாயில் அழகாக வந்த ஊதா, இன்னும் சில சொட்டு விட்டதும் மறைந்துவிடும். மிகுதியான குளோரின் அயோடினை நிறமற்ற அயோடேட்டாக ஆக்ஸிஜனேற்றிவிடுகிறது. ஓர் அயோடின் மூலக்கூறுக்கு ஐந்து குளோரின் மூலக்கூறுகள் போதும். ஊதா வந்ததும் கையை நிறுத்துங்கள். மீந்ததைச் சோடியம் தையோசல்பேட் கரைசலில் ஊற்றி நிறம் போக்கிய பிறகே அப்புறப்படுத்த வேண்டும்.

இந்த வரிசையை எலக்ட்ரான் நாட்டத்தை (ஓர் அணு எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிவரும் ஆற்றல்) வைத்து விளக்கினால் ஃபுளூரினிடம் மாட்டிக்கொள்வீர்கள். குளோரினுக்கு ஒரு மோலுக்கு 349 கிலோஜூல், ஃபுளூரினுக்கு 328 தான். ஆனால் ஃபுளூரின் பிணைப்பை உடைக்க 158 கிலோஜூல் போதும், குளோரினுக்கு 242 வேண்டும். சிறிய ஃபுளூரைடு அயனியை நீர் சூழும்போது வெளிவரும் ஆற்றலும் மிக அதிகம். எல்லாவற்றையும் கூட்டிச் சொல்வது நியம மின்னழுத்தம் (நீர்க்கரைசலில் எலக்ட்ரானைப் பறிக்கும் வலுவின் அளவு): ஃபுளூரின் 2.87 வோல்ட், குளோரின் 1.36, புரோமின் 1.07, அயோடின் 0.54.

ஆக்ஸிஜனுக்கு இது 1.23. அதனால் ஃபுளூரினை நீரில் விட்டால் நீரையே ஆக்ஸிஜனேற்றிவிடும். இந்தச் சோதனைக்கு அது உதவாது. குளோரினுக்கும் அந்த வலு உண்டு, வேகம்தான் இல்லை. வெளிச்சம் பட்டால் மெல்ல நடக்கும். வெளிச்சத்தில் கிடந்த பழைய குளோரின் நீர் அயோடைடைக்கூட மாற்றாததற்குக் காரணம் இதுதான்: குப்பியில் பெரும்பாலும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமே மிஞ்சியிருக்கும்.