4 நிமிடம் 10 விநாடி

3 மார்ச் 2008, திங்கள்

இன்று காலையில் கணினியின் பொத்தானை அழுத்தியதிலிருந்து மவுஸ் அம்பு என் கைக்குக் கட்டுப்பட்ட கணம் வரை 4 நிமிடம் 10 விநாடி ஆயிற்று. கேமராவோடு வந்த சிடியைப் போட்டு அந்த மென்பொருளை நிறுவுவதற்கு முன்னர் இது இவ்வளவு நேரம் எடுத்ததில்லை என்று உறுதியாகச் சொல்ல ஆசைதான். ஆனால் அப்போது நான் கடிகாரம் பார்க்கவில்லை, பார்க்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. நாளொன்றுக்கு அரை மணிக்கு மேல் திரையைப் பார்க்கக் கூடாது என்று கண் மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். கிடைத்த அரை மணியில் ஏழில் ஒரு பங்கைக் கணினி தானே தின்றுவிடுகிறது.

கட்டம் கட்டமாகக் குறித்து வைத்தேன். கறுப்புத் திரையில் சிமிட்டும் கோடு 1:15. விண்டோஸ் சின்னம் 0:40. மேசைத்திரை வந்த பிறகு மணற்கடிகாரம் 2:15.

612 படங்கள் உள்ளே இருக்கின்றன. அவற்றை மெமரி கார்டிலிருந்து மாற்றி முடித்ததும், கார்டில் உள்ளவற்றை அழித்துவிடலாமா என்று அந்த மென்பொருள் கேட்டது. நான் 'ஆம்' என்பதை அழுத்தினேன்.

4 மார்ச், செவ்வாய்

நீலத் திரை. தோன்றிய வேகத்திலேயே மறைந்து, கணினி தானாகவே மறுபடி தொடங்கியது. மூன்று முறை இப்படி. நான்காம் முறை ஒன்றுமே நடவாததுபோல் திறந்துகொண்டது. படங்களைத் திறந்து பார்க்கத் துணிவு வரவில்லை; அணைத்துவிட்டேன்.

5 மார்ச், புதன்

விண்டோஸ் எக்ஸ்பி நிலைகுலைந்தால் தானாகவே மறுபடி தொடங்கும்படி முதலிலிருந்தே அமைக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் நீலத் திரையில் எழுதியிருப்பதைப் படிக்க முடிவதில்லை; இரண்டு கண்ணும் சரியாக உள்ளவருக்கே முடியாது. தொடங்கும்போது எஃப்8 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் ஒரு பட்டியல் வரும். சர்வீஸ் பேக் 2 என்ற மேம்பாட்டுத் தொகுப்பைப் போட்ட கணினியில், அந்தத் தானியங்கி மறுதொடக்கத்தை நிறுத்தும் வரியும் அதில் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அண்ணன் மகளைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்து, நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் இருந்தேன்.

இரண்டாம் முயற்சியில் நீலத் திரை வந்து நின்றது. அவள் ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள்: ஆறு சுழிகள், பிறகு டி, பிறகு 1. அதன் கீழே, எஸ்ஒய்எஸ் என்று முடியும் ஒரு கோப்பின் பெயர். பெயரின் முதல் மூன்று எழுத்துகள் கேமரா நிறுவனத்தின் பெயரைச் சுருக்கியவை என்பதை அவளே கண்டுபிடித்துச் சிரித்தாள். டி1 என்றால், டிரைவர் ஒன்று, அதாவது ஒரு சாதனத்தை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள், மிக அவசரமான நிலையில் ஓடிக்கொண்டிருக்கையில், அந்த நிலையில் தொடக் கூடாத நினைவக முகவரியைத் தொட்டுவிட்டது என்று பொருள். சாதாரண மென்பொருள் ஒன்று இப்படித் தவறினால் அது மட்டும் மூடப்படும். டிரைவர் அமைப்பின் கருவிலேயே ஓடுவதால், விண்டோஸ் அனைத்தையும் நிறுத்திவிடுகிறது. இல்லையேல் வன்தட்டில் எழுதப்படுவது எதுவாக இருக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது.

வன்தட்டில் எழுதப்படுவது. 612 படங்கள்.

கணினிப் பெட்டியின் பின்புறத்தில் என்னென்ன செருகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெட்டி மேசைக்கு அடியில் இருக்கிறது. எனக்குக் குனிய அனுமதி இல்லை. அவளைக் கேட்டேன். "எல்லாம் எப்பவும் போலத்தான் இருக்கு, சித்தப்பா" என்றாள்.

6 மார்ச், வியாழன்

சொட்டு மருந்து நான்கு வேளை. கணினியைத் தொடவில்லை.

7 மார்ச், வெள்ளி

இரவெல்லாம் ஒரே கேள்வியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்த மென்பொருளை நீக்கினால், அது தன் 'ஆல்பங்களில்' வைத்திருக்கும் படங்களும் கூடவே போய்விடுமா? படங்களை நான் ஒருபோதும் கோப்புகளாகப் பார்த்ததில்லை; அது காட்டிய வரிசையில், அது சூட்டிய தலைப்புகளின் கீழ்தான் பார்த்தேன். ஒருவர் வீட்டுச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, நம் வீட்டை நமக்கே ஜன்னல் வழியாகக் காட்டுவது போன்ற ஏற்பாடு இது.

காலையில் எஃப்8 பட்டியலிலிருந்து சேஃப் மோடில் நுழைந்தேன். இம்முறையில் விண்டோஸ் தனக்கு இன்றியமையாத டிரைவர்களை மட்டும் ஏற்றிக்கொள்வதால், தொடக்கத்தில் ஒட்டிக்கொள்ளும் மற்றவை வெளியே நின்றுவிடுகின்றன. எழுத்துகள் பெரிதாக, நிறங்கள் மங்கலாகத் திறந்தது. என் கண்ணுக்கு இதுவே இதமாக இருந்தது. நீலத் திரை வரவில்லை. கறுப்புத் திரையின் சிமிட்டும் கோடு மட்டும் இங்கேயும் 1:15 நேரம் நின்றது. குறித்து வைக்கிறேன்.

'மை பிக்சர்ஸ்' உறைக்குள், நாள்வாரியாகப் பிரித்த உறைகளில் படங்கள் சாதாரணக் கோப்புகளாகவே இருந்தன. நான்கு எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்ட பெயர்கள். கேமரா எழுதிய அதே பெயர்கள். எந்த நிறுவனத்தின் கேமராவானாலும் டிசிஐஎம் என்ற உறையைத் திறந்து, அதனுள் மூன்று இலக்கத்தில் தொடங்கும் உறைகளை அமைத்து, 0001 முதல் 9999 வரை எண்ணிட்டு எழுத வேண்டும் என்பது 1998-இல் ஜப்பானில் வகுக்கப்பட்ட ஒழுங்கு. படம் எடுத்த நாளும் நேரமும் கோப்புக்குள்ளேயே எக்ஸிஃப் குறிப்பாகப் பதிந்திருக்கின்றன. ஆக, ஆல்பம் அந்த மென்பொருளுடையது, படம் என்னுடையது. வெளித்தட்டு ஒன்றை மேசை மேலிருக்கும் முன்பக்கத் துளை நீட்டிப்பில் மாட்டி எல்லாவற்றையும் நகலெடுத்தேன்.

611 கோப்புகள். மூன்று முறை எண்ண வைத்தேன். 611.

மென்பொருளை அங்கேயே நீக்கிவிடலாம் என்று முயன்றேன், முடியவில்லை. நிறுவுவதையும் நீக்குவதையும் கவனிக்கும் விண்டோஸ் இன்ஸ்டாலர் என்ற சேவை சேஃப் மோடில் இயங்காதாம். நோயாளிக்கு மயக்கம் கொடுத்த பிறகு, அறுவைக் கருவி அடுத்த அறையில் இருப்பதாகச் சொன்னது போல் இருந்தது.

8 மார்ச், சனி

வழக்கமான முறையில் திறந்து, எம்எஸ்கான்ஃபிக் என்று தட்டி, கணினியோடு கூடவே தொடங்குபவற்றைப் பட்டியலிடும் 'ஸ்டார்ட்அப்' பக்கத்தைப் பார்த்தேன். ஒரு கேமராவுக்கு நான்கு பேர் காவலிருக்கிறார்கள்! ஒருவர் கார்டு செருகப்படுகிறதா என்று பார்த்திருப்பவர். ஒருவர் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று வலையில் கேட்பவர். ஒருவர் படங்களைச் சிடியில் எழுதுவதற்காகக் காத்திருப்பவர். நான்காமவர் என்ன செய்கிறார் என்பது பெயரிலிருந்து விளங்கவில்லை. நான்கு பெயருக்கு எதிரேயும் இருந்த குறிகளை நீக்கினேன்.

மணற்கடிகாரம் 2:15-இலிருந்து 0:50-க்கு இறங்கியது. மொத்தம் 2:45.

முதலாமவரைப் பற்றி ஓர் ஊகம். என் கார்டு ரீடரில் நான்கு வகைக் கார்டுகளுக்கு நான்கு துளைகள் உள்ளன. விண்டோஸ் அவை ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்துக் கொடுத்து, நான்கு தனித்தனி டிரைவ்களாகவே நடத்துகிறது. கார்டு இல்லாத துளையிடம் கார்டு இருக்கிறதா என்று கேட்டு, பதிலுக்காகக் காத்திருந்து, அடுத்ததிடம் போய்க் கேட்டு, நான்கும் முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினால், மணற்கடிகாரம் கவிழ்ந்துகொண்டேதான் இருக்கும்.

612-ஆவது எங்கே?

9 மார்ச், ஞாயிறு

4:02. நான்கு காவலரும் திரும்பி வந்துவிட்டார்கள்.

நேற்று மாலை, காணாமற்போன ஒன்றைத் தேடுவதற்காக அந்த மென்பொருளை ஒரே ஒருமுறை திறந்தேன். அது தன்னைத் திறந்தவுடனேயே, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'ரன்' என்ற சாவியின், அதாவது பிரிவின், கீழ் தன் பரிவாரத்தின் பெயர்களை மறுபடி எழுதி வைத்துவிட்டது. எம்எஸ்கான்ஃபிக் பட்டியலில் இப்போது நான் குறி நீக்கிய நால்வரும், குறியுள்ள நால்வருமாக எட்டுப் பேர் நிற்கிறார்கள். கோபத்தில் மேசையைத் தட்டினேன். கோபப்படுவதும் கண்ணுக்கு ஆகாதாம்.

மார்க் ரஸ்ஸினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் எழுதிய ஆட்டோரன்ஸ் என்ற சிறு கருவியை ஓட்டினேன். எம்எஸ்கான்ஃபிக்கின் 'ஸ்டார்ட்அப்' பக்கம் காட்டாத இடங்களையும் அது காட்டுகிறது: டிரைவர்கள், சேவைகள், வலது சொடுக்குப் பட்டியலில் ஒட்டிக்கொண்டவை. அங்கே அந்த மூன்றெழுத்து முன்னொட்டு மேலும் ஐந்து இடங்களில் இருந்தது. நீலத் திரையில் அவள் படித்த கோப்பும் அவற்றில் ஒன்று.

10 மார்ச், திங்கள்

நீக்கிவிட்டேன்! 'ஆட் ஆர் ரிமூவ் புரோகிராம்ஸ்' வழியாக, ஒழுங்கான முறையில், இரண்டு முறை மறுதொடக்கம் செய்து. 0:58. சிமிட்டும் கோடு கண்ணில் படவே இல்லை. சின்னம் 0:40, மணற்கடிகாரம் 0:18.

612-ஆவதும் கிடைத்தது. அது படமே இல்லை. அண்ணன் மகள் தவறுதலாக எடுத்த தரையின் காணொளி, ஏவிஐ கோப்பு. நான் ஜேபெக் கோப்புகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இனி அந்த மென்பொருளின் தேவையே இல்லை. பிடிபி என்ற முறையில் பேசும் கேமராவை எக்ஸ்பி தானாகவே அறிந்துகொள்ளும். கார்டு ரீடரோ அவளுக்கும் விண்டோஸுக்கும் வெறும் டிரைவ்தான். நாளை அரை மணி முழுவதும் படங்களுக்கு. ஜன்னல் கம்பிகளை எடுத்த படங்களை முதலில் பார்க்க வேண்டும்.

11 மார்ச், செவ்வாய்

கறுப்புத் திரை. சிமிட்டும் கோடு. ஒன்பது நிமிடம் பார்த்திருந்தேன். பிறகு மின்சாரத்தை நிறுத்தினேன்.

இரண்டாம் முறையும் அப்படியே.

12 மார்ச், புதன்

இன்று காலை திறந்தது; 2:13. யாரும் எதையும் செய்யவில்லை என்கிறார்கள். திறந்த மகிழ்ச்சி ஐந்து நிமிடம்கூட நீடிக்கவில்லை, ஏனெனில் சிடி டிரைவ் மறைந்துவிட்டது. 'மை கம்ப்யூட்டர்' பக்கத்தில் அதன் எழுத்தே இல்லை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் வியப்புக்குறியோடு நிற்கிறது: குறியீடு 39, டிரைவர் பழுதடைந்திருக்கலாம் அல்லது காணாமற்போயிருக்கலாம்.

வேலை முடிந்து போனவர் கதவின் பிடியையும் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்.

13 மார்ச், வியாழன்

பொத்தானை அழுத்தவே மனம் வரவில்லை. நேராக இருக்க வேண்டிய கோடுகளைப் பற்றி மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

14 மார்ச், வெள்ளி

சிடி டிரைவின் கதை விளங்கிவிட்டது. விண்டோஸில் ஒரு சாதனத்தின் டிரைவருக்கு மேலும் கீழும் வேறு டிரைவர்கள் வடிகட்டிகளாக உட்கார முடியும். கடந்துபோகும் ஒவ்வொரு கட்டளையையும் அவை பார்க்கும், வேண்டுமானால் மாற்றும். மூன்றாம் காவலர், அதாவது படங்களைச் சிடியில் எழுதுபவர், அப்படியொரு வடிகட்டியை வைத்திருந்திருக்கிறார். மென்பொருளை நீக்கியபோது வடிகட்டியின் கோப்பு அழிந்தது; அதை ஏற்று என்று ரெஜிஸ்ட்ரியில் எழுதியிருந்த வரி அழியவில்லை. இல்லாத கோப்பை ஏற்ற முடியாத விண்டோஸ், அந்த வடிகட்டி இல்லாமல் டிரைவைத் தொடங்கவும் மறுத்துவிட்டது. தவறு வட்டில் இல்லை, கம்பியில் இல்லை. ஒரு பெயரில் இருக்கிறது.

நான் சொல்லச் சொல்ல அண்ணன் மகள் ரெஜிஸ்ட்ரியைத் திறந்தாள். 'கன்ட்ரோல்' சாவியின் கீழ் 'கிளாஸ்'. அதனுள் 4டி36இ965 என்று தொடங்கும் நீண்ட எண். அண்டையில் ஒரே ஓர் இலக்கம் மாறுபட்டு 4டி36இ967 என்று ஒன்று இருக்கிறது, அது வன்தட்டுகளுக்குரியது. அங்கே கை வைத்தால் கணினியே தொடங்காமற்போகலாம் என்பதால், கடைசி இலக்கத்தை மூன்று முறை உரக்கப் படிக்கச் சொன்னேன். முதலில் அந்தச் சாவி முழுவதையும் ஏற்றுமதி செய்து வெளித்தட்டில் வைத்தோம். பிறகு 'அப்பர்ஃபில்டர்ஸ்' என்ற மதிப்பை அழித்தாள். 'லோயர்ஃபில்டர்ஸ்' அங்கே இல்லை.

மறுதொடக்கம். சிடி டிரைவ் வந்துவிட்டது. 2:13.

ஏன் 0:58 இல்லை?

15 மார்ச், சனி

இத்தனை நாள் குறிப்புகளையும் அடுக்கி வைத்துப் பார்த்தேன். பார்த்த உடனே என் மேலேயே கோபம் வந்தது. 2:13-இலிருந்து 0:58-ஐக் கழித்தால் 1:15. சிமிட்டும் கோட்டின் நேரம். சேஃப் மோடிலும் அது 1:15 நின்றதாக என் கையால் எழுதியிருக்கிறேன். விண்டோஸ் இன்னும் கண்ணையே திறக்காத நேரத்தில் விண்டோஸுக்குள் இருக்கும் மென்பொருள் எப்படி எதையும் தாமதப்படுத்தும்? அந்தக் கட்டத்தில் விழித்திருப்பது, விண்டோஸுக்கு முன்னரே எழுந்து கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் மட்டுமே.

"பத்தாம் தேதி பெட்டியின் பின்னாலிருந்து எதையாவது எடுத்தாயா?" என்று கேட்டேன். கார்டு ரீடரைத் தோழி வீட்டுக்குக் கொண்டுபோனாளாம். அன்று இரவே கார்டோடு திரும்பக் கொண்டுவந்து செருகினாளாம். பதினொன்றாம் தேதி மாலை கேமராவுக்கு வேண்டுமென்று கார்டை மட்டும் எடுத்துக்கொண்டாளாம். "அது எப்பவும் அங்கேதானே இருக்கும், சித்தப்பா" என்றாள். உண்மைதான். எப்போதும் அங்கேயே இருப்பதை நானும் குற்றவாளிகளின் வரிசையில் நிறுத்தவில்லை. குனிய முடிந்திருந்தால் முதல் நாளே பார்த்திருப்பேன் என்று சொல்லிக்கொள்கிறேன். பார்த்திருந்தாலும் அதைச் சந்தேகித்திருக்க மாட்டேன்.

பயாஸின் தொடக்க வரிசையில் யுஎஸ்பி சாதனம் வன்தட்டுக்கு முன்னால் இருந்தது. வெறும் ரீடராக இருந்தால் நான்கு துளைகளையும் தட்டிப் பார்த்து, அலுத்துப்போய், 1:15 கழித்து வன்தட்டுக்கு வந்தது. கார்டு உள்ளே இருந்தபோது அதன் முதல் பகுதியின் முடிவில் 55ஏஏ என்ற முத்திரையைக் கண்டது. கேமராவுக்காகத் தயாரித்த கார்டிலும் அந்த முத்திரை இருக்கும். அதை நம்பி உள்ளே சென்று, தொடங்குவதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் அப்படியே நின்றுவிட்டது.

அவள் வன்தட்டை வரிசையில் முதலில் வைத்தாள். ரீடர் செருகியபடி, கார்டும் உள்ளே: 1:02. மறுபடி: 1:01. மறுபடி: 1:02.

16 மார்ச், ஞாயிறு

1:02. நீலத் திரை பத்தாம் தேதிக்குப் பிறகு வரவில்லை. ஆட்டோரன்ஸில் மூன்றெழுத்து முன்னொட்டைத் தேடினேன். ஒரு சேவையின் எச்சம் மட்டும் கோப்பு இல்லை என்ற குறிப்போடு கிடந்தது, அதையும் நீக்கினேன். 611 படங்களையும் ஒரு காணொளியையும் இரண்டு சிடிகளில் எழுதினோம். எழுதியவற்றைத் திறந்து சரிபார்ப்பதிலேயே நேரம் போய்விட்டது. ஜன்னல் கம்பிகள் 0347-இல் தொடங்குகின்றன. அரை மணி முடிந்தது. நாளை காலை பரிசோதனை. திரும்பி வந்து பார்க்கிறேன்.