ரிலே எப்போது சும்மா இருக்க வேண்டும்?

132 கிலோவோல்ட்டை 33 கிலோவோல்ட்டாகக் குறைக்கும் மின்மாற்றியின் வோல்ட்டளவு ரிலேயை, அதாவது வெளிவரும் வோல்ட்டளவைக் கவனித்து அதைத் திருத்தக் கட்டளையிடும் கருவியை, சோதிக்கப் போகிறோம் என்றால், உபமின்நிலையத்தில் எவரும் முதலில் கேட்பது அதை எத்தனை வோல்ட்டில் வைக்கப் போகிறோம் என்பதைத்தான். அதற்கு விடை சொல்வது எளிது. 33 கிலோவோல்ட் பஸ்பாரில் (கம்பிகள் பிரிந்து செல்லும் பொதுக் கடத்தியில்) உள்ள வி.ரி., அதாவது வோல்ட்டளவை அளப்பதற்காகக் குறைத்துக் கொடுக்கும் சிறு மின்மாற்றி, அந்த அளவை 110 வோல்ட்டாக்கி ரிலேக்குக் கொடுக்கிறது; 110ஐயோ அதற்குச் சற்றுக் கூடுதலான ஓர் எண்ணையோ வைத்துவிட்டால் கேள்வி தீர்ந்துவிடும். ஆனால் இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இந்த வேலையைச் செய்துவந்த காலத்தில், எந்த ஏற்ற இறக்கங்களை ரிலே கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்று தீர்மானிப்பதிலேயே என் நேரம் பெரும்பாலும் கழிந்திருக்கிறது.

நம் பக்கத்துப் பெரும்பாலான ஊர்களில் 33 கிலோவோல்ட் கம்பி நேராகக் கிராமத்து மின்மாற்றிவரை போய், அங்கே 400 வோல்ட்டாகி வீடுகளுக்குப் பிரிகிறது. கிராமத்து மின்மாற்றியிலும் டப், அதாவது சுருளின் சுற்று எண்ணிக்கையை மாற்றி வோல்ட்டளவைக் கூட்டிக் குறைக்கும் இணைப்பு, உண்டு. ஆனால் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கையால்தான் அதை மாற்ற முடியும். ஆகவே உபமின்நிலையத்து ரிலேயைத் தாண்டிவிட்டால், பொத்துவில் பக்கத்து வீடு ஒன்றுக்குப் போகும் வோல்ட்டளவைத் தானாகத் திருத்த வேறெதுவும் பெரும்பாலும் கிடையாது. வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ட், அதிலிருந்து 6 சதவீதம் கூடலாம் அல்லது குறையலாம். இந்த இடைவெளிக்குள் நீண்ட கம்பியின் இறக்கம், கிராமத்து மின்மாற்றியின் இறக்கம், தெருக்கம்பியின் இறக்கம் எல்லாம் அடங்க வேண்டும்.

ரிலே தானாக எதையும் திருத்துவதில்லை; டப்பை மாற்றும் பொறியான டப் சேஞ்சரின் மோட்டருக்கு ஏற்று அல்லது இறக்கு என்று கட்டளையிடுகிறது, அவ்வளவுதான். சுமை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இந்தப் பொறியின் வேகமான தடை முறைக்கு 1927இல் ஜேர்மனியைச் சேர்ந்த பேர்ணார்ட் யான்சன் காப்புரிமை பெற்றார். அடிப்படை இன்றும் அதுதான். எண்ணெய்க்குள் தொடுகைகள் பிரியும் வகையில் ஒவ்வொரு மாற்றத்திலும் சிறு தீப்பொறி எழுகிறது, எண்ணெய் கொஞ்சம் கறுக்கிறது, செப்பு கொஞ்சம் தேய்கிறது. மோட்டர்ப் பெட்டியில் உள்ள எண்ணி ஒவ்வொரு அசைவையும் கூட்டி வைக்கிறது. அமைவு சரியா என்று எவராவது கேட்டால் நான் முதலில் அந்த எண்ணியைத்தான் பார்ப்பேன்.

வேட்டையாடுதல் என்று நாங்கள் சொல்லும் கோளாறு எப்படி உண்டாகிறது என்பதை ஒரு சிறு கணக்கில் காட்டலாம். ஒரு டப் படி 1.25 சதவீதம் என்றால், ரிலேயின் கண்ணுக்கு அது ஏறத்தாழ 1.38 வோல்ட். துல்லியம் வேண்டும் என்று நினைத்து டெட்பாண்டை, அதாவது ரிலே அசையாமல் இருக்கும் பட்டையை, இரு பக்கமும் அரை சதவீதமாக, அதாவது 109.45க்கும் 110.55க்கும் இடையில் வைத்தோம் என்று கொள்வோம். வோல்ட்டளவு 110.6க்கு ஏறினால் ரிலே ஒரு படி இறக்கும், அது 109.2க்குப் போய் மறு எல்லையைத் தாண்டிவிடும், உடனே ஏற்றச் சொல்லும், மீண்டும் 110.6. சுமை சற்றும் மாறாமலேயே பொறி இரவு முழுதும் ஏறி இறங்கும். பட்டையின் முழு அகலம் ஒரு படியைவிடத் தெளிவாகப் பெரிதாக இருக்க வேண்டும். நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கத்துக்கும் குறைந்தது ஒரு படியின் 0.6 பங்கு என்பது பொதுவான விதி. நான் பெரும்பாலும் ஒரு முழுப் படியையே இரு பக்கமும் விடுவேன். அப்போது 111.4இல் இருந்து இறங்கும் ஒரே படி அதை ஏறத்தாழ 110க்கே கொண்டுவந்துவிடும். காகிதத்தில் பார்க்க இது சோம்பல் போலத் தோன்றலாம், மேலதிகாரிகளுக்கு விளக்க வேண்டியும் வரலாம். ஆனாலும் மாற்ற மாட்டேன்.

அடுத்தது நேரம். அறுவடைக் காலத்தில் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து அரிசி ஆலைகளின் மோட்டர்கள் ஓடத் தொடங்கும் கணத்தில் வோல்ட்டளவு சட்டென்று இறங்கிச் சில விநாடிகளில் மீளும். அந்த இறக்கத்துக்கெல்லாம் டப்பை அசைத்தால், பொறி மேலே போய்ச் சேரும்போது மோட்டர் அமைதியாகிவிட்டிருக்கும். ஆகவே முதல் அசைவுக்கு முன் ரிலே காத்திருக்க வேண்டும். 30 முதல் 60 விநாடி என்பது 132 கிலோவோல்ட் உபமின்நிலையத்துக்குப் பொருத்தமாக இருந்திருக்கிறது. நகரத்தில் 33ஐ 11 ஆக்கும் உபமின்நிலையம் இந்தப் பஸ்பாரிலிருந்தே மின்சாரம் பெற்றால், அங்குள்ள ரிலே இதைவிட நீண்ட நேரம் காத்திருக்க வேண்டும். மேலே உள்ளது முதலில் திருத்தட்டும், மிஞ்சியதைக் கீழே உள்ளது பார்த்துக்கொள்ளட்டும் என்பது ஒழுங்கு. இதைத் தலைகீழாக வைத்தால் கீழுள்ளது அவசரப்பட்டு ஏற்றிவிட்டு, மேலுள்ளது திருத்திய பின் மறுபடி இறக்க வேண்டிவரும்.

இதைக் காகிதத்தில் விளக்குவதைவிட இயக்குநர்களிடம் கேட்டறிவது பயன் தரும். கடமையில் இருந்த ஒரு காக்கா (முஸ்லிம் மூத்தவரை அண்ணன் முறையில் அழைக்கும் சொல்), “சேர், பகல்ல இது தூங்குது, மஃரிப் நேரம் மட்டும் நிக்காம அடிக்குது” என்றார். மஃரிப் என்றால் பொழுதுபடும் தொழுகை நேரம். குறிப்பேட்டைப் புரட்டினால் அவர் சொன்னது அப்படியே இருந்தது. அந்த ஒரு வாக்கியத்தால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்தது.

சோதனை முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதலில் ரிலேயின் ஏற்று, இறக்குக் கட்டளைகள் மோட்டரைச் சென்றடையாதபடி பிரிக்க வேண்டும். நாம் செலுத்தும் பொய் வோல்ட்டளவைக் கண்டு உண்மையான மின்மாற்றி ஓடிவிடக்கூடாது. வி.ரி. சுற்றைத் திறந்து விட வேண்டும், மின்னோட்டத்தை அளக்கும் சிறு மின்மாற்றியான சி.ரி.யின் சுற்றைக் குறுக்கிட்டு மூட வேண்டும். இதை மாற்றிச் செய்தால் என்ன ஆபத்து நேரும் என்பதை இந்தத் துறையில் எவருக்கும் சொல்லத் தேவையில்லை. பிறகு சோதனைப் பெட்டியிலிருந்து 110 வோல்ட்டைக் கொடுத்து மெல்ல ஏற்றி, இறக்கு விளக்கு எங்கே எரிகிறது, திரும்பி வரும்போது எங்கே அணைகிறது என்று குறித்துக்கொள்வோம். மறு பக்கமும் அப்படியே. நேரத்தை எல்லையில் மட்டும் அளந்தால் போதாது. பல ரிலேக்களில் விலகல் கூடக் கூடக் காத்திருப்பு குறையும். பட்டையின் இரு மடங்கு விலகலில் நேரம் பாதியாகிறதா என்று பார்க்க வேண்டும்.

வோல்ட்டளவு 80 சதவீதத்துக்குக் கீழே போனால், அதாவது 88 வோல்ட்டில், ரிலே கட்டளையிடாமல் முடங்குகிறதா என்பதையும் விடக்கூடாது. வி.ரி. பியூஸ் போய்விட்டால் ரிலேக்கு அது பேரிறக்கம் போலவே தோன்றும். முடக்கம் இல்லையென்றால் கடைசி டப்வரை ஏற்றிக்கொண்டே போய்விடும்.

கம்பியின் இறக்கத்தை ஈடுசெய்யும் அமைவில்தான் என் கருத்து காலப்போக்கில் மாறியது. சுமை மின்னோட்டம் கூடக் கூட ரிலே தன் இலக்கை உயர்த்திக்கொள்ளும். இதனால் கம்பியின் தொலைமுனை ஒன்றில் வோல்ட்டளவு நிலையாக இருக்கும் என்பது எண்ணம். இதைச் சோதிக்கும்போது கோணம் முக்கியம். மூன்று பேஸ் கம்பிகளுள் வி.ரி. மஞ்சள், நீலப் பேஸ்களுக்கிடையிலும் சி.ரி. சிவப்புப் பேஸிலும் இருந்தால் இரண்டுக்கும் இடையே 90 பாகை வேறுபாடு உண்டு. அதை ரிலேக்குச் சொல்லாவிட்டால் தடைக்கான திருத்தமும் தூண்டலுக்கான திருத்தமும் இடம் மாறிவிடும். சோதனைப் பெட்டியில் எல்லாம் சரியாக வந்தாலும், உண்மையான சுமையில் கோணத்தை ஒருமுறை அளந்து பார்க்காமல் நான் கையெழுத்திடுவதில்லை.

அந்த அமைவு, பஸ்பாரிலிருந்து பிரிந்து செல்லும் கம்பிகளான பீடர்கள் எல்லாமே ஒரே மாதிரிச் சுமை எடுக்கும் காலத்துக்கு ஏற்றது. இப்போது ஒரு பீடரில் சூரிய மின்சாரம் நிறைய இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. நண்பகலில் முதல் பீடர் தன் தேவையைத் தானே தீர்த்து மிச்சத்தையும் பஸ்பாருக்குத் தருகிறது. மின்மாற்றியில் மின்னோட்டம் குறைகிறது. சுமை குறைந்துவிட்டது என்று நம்பி ரிலே இலக்கைத் தாழ்த்துகிறது. அதே நேரத்தில் மற்றப் பீடரின் முனையில் நீர்ப்பம்புகளும் ஆலைகளும் முழுச் சுமையில் ஓடுகின்றன. அந்த மக்கள் பொழுதுபட்ட பின் இருப்பதைவிட நண்பகலில் தாழ்ந்த வோல்ட்டளவை அனுபவிக்கிறார்கள். இத்தகைய இடங்களில் அந்த ஈடுசெய்தலைப் பூச்சியமாக்கி, அடிப்படை இலக்கை 33.5 கிலோவோல்ட் அளவுக்கு, ரிலேயில் 111.7 வோல்ட்டாக, சற்று உயர்த்தி வைப்பதையே நான் விரும்புகிறேன். சூரிய மின்சாரம் உள்ள பீடரின் முனையில் நண்பகல் அளவு மேல் எல்லையைத் தொடுகிறதா என்று அளந்த பிறகே அப்படிச் செய்யலாம்.

இரண்டு மின்மாற்றிகள் ஒரே பஸ்பாரில் சேர்ந்து ஓடும்போது சோதனை வேறு விதமாகும். 31.5 எம்.வி.ஏ. கொள்ளளவு கொண்ட, ஒவ்வொன்றும் 10 சதவீதம் மறிப்புள்ள (மின்னோட்டத்தைத் தடுக்கும் அளவு) இரு மின்மாற்றிகள் ஒரு டப் விலகி நின்றால், 33 கிலோவோல்ட் பக்கத்தில் ஏறத்தாழ 34 அம்பியர் எவருக்கும் பயன்படாமல் இரண்டுக்குமிடையே சுற்றும். சுற்று மின்னோட்டத்தை அறியும் ரிலேயானால், ஒன்றை வேண்டுமென்றே ஒரு டப் ஏற்றிவிட்டுப் பார்க்கலாம். ஏறியதை இறக்கவும் மற்றதை ஏற்றவும் ரிலேக்கள் சாய வேண்டும். எதிர்த்திசையில் சாய்ந்தால் சி.ரி. முனைகள் மாறியிருக்கின்றன, ஓட்டோவில் (தானாக இயங்கும் நிலையில்) விட்டால் இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி ஓடும்.

ஓட்டோவில் போடுமுன் செய்யவேண்டியது இன்னொன்று. டப் எண் கூடினால் வோல்ட்டளவு ஏறும் என்று எல்லாத் தயாரிப்பாளரும் வைப்பதில்லை. கட்டுப்பாட்டு நிலையத்தின் அனுமதியுடன் ரிலேயிலிருந்தே ஒரு படி ஏற்றி, 33 கிலோவோல்ட் மானியின் முள் எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். அதன்பின் எண்ணியின் அளவையும் பழைய அமைவுகளையும் புதியவற்றையும் ஒரே தாளில் எழுதி, 18:30 முதல் 22:30 வரையான உச்சநேரம் முழுவதும் அங்கேயே இருப்பது என் வழக்கம். மணிக்கு ஒருமுறை எண்ணியைக் குறிக்குமாறு காக்காவிடம் ஒரு வாரத்துக்குக் கேட்டுக்கொள்வேன். மாலை எண்ணிக்கை முந்திய வாரத்தைவிடக் குறைந்து, தொலைமுனை அளவுகளும் எல்லைக்குள் நின்றால், அந்தத் தாள் பெட்டியின் உட்கதவில் ஒட்டப்படும்.