இரண்டு கொப்பிகள்

என் மகனுக்கு இரண்டு கிளினிக் கொப்பிகள் இருந்தன. ஒன்றில் நெஞ்சுச்சளி, காதில் சீழ், ஓயாத வயிற்றுப்போக்கு. மற்றது இரத்தத்துக்கு. நான்கு வயதில் குளிப்பாட்டும்போது அவன் கெண்டைக்காலில் கடுகு சிதறியதுபோல் சிவப்புப் புள்ளிகளைக் கண்டேன், அழுத்தினாலும் மறையவில்லை. இரத்தத்தை உறையவைக்கும் குருதிச் சிறுதட்டுகள் 150,000க்குக் குறையக்கூடாதாம், அவனுக்கு 9,000. உடம்பே அவற்றை அழிக்கிறதென்று ஸ்டீராய்டு கொடுத்தார்கள். எண்ணிக்கை ஏறியது, பின்னாலேயே நிமோனியா வந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ‘சத்துக் குறைவு’ என்றார்கள். பிள்ளைக்கு ஊட்டாதவளா நான் என்று இரவெல்லாம் அழுதிருக்கிறேன்.

இரண்டு கொப்பிகளையும் ஒரே மேசையில் விரித்தவர் கொழும்பில் ஒரு பெண் டாக்டர். ஹட்டனில் விடியுமுன் பஸ் ஏறிப் போயிருந்தோம். “நீங்கள் இருவரும் சொந்தமா?” என்றார். என் கணவர் என் மாமன் மகன். எங்கள் லயத்தில் பாதிப்பேர் அப்படித்தான். டாக்டர் குற்றம் சொல்கிறாரோ என்று முகம் சுருங்கினேன். அவர் தேடியது காரணத்தை.

மரபணுப் பரிசோதனைக்கு இரத்தம் வெளிநாடு போனது. முடிவு வர ஐந்து மாதம். எல்.ஆர்.பி.ஏ. மரபணுவில் பழுது, 2012இல்தான் உலகுக்கே தெரியவந்த நோய். டாக்டர் தாளில் வரைந்து காட்டினார். எதிர்ப்புச் செல்கள் எல்லை மீறாமல் பிடித்து நிறுத்தும் பிரேக், சி.டி.எல்.ஏ.4 என்ற புரதம். செல்லுக்குள் அது சிதைந்துபோகாமல் காப்பது எல்.ஆர்.பி.ஏ. காவல் இல்லாததால் பிரேக் போய், செல்கள் சொந்த இரத்தத்தையும் குடலையும் தாக்கின. கிருமிக்கு எதிரான பிறபொருளெதிரிகளும் போதிய அளவு உருவாகவில்லை. இரண்டு கொப்பிக்கும் ஒரே வேர்!

எங்கள் இருவரிடமும் அந்த மரபணுவின் பழுதான பிரதி ஒவ்வொன்று, எங்களுக்கு நோயில்லை. இரண்டும் ஒரே பிள்ளைக்குப் போய்ச் சேர நான்கில் ஒரு வாய்ப்பு, ஒவ்வொரு பிரசவத்திலும். அதைக் கேட்டபோது கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது மாதமொருமுறை இம்யூனோகுளோபுலின், அதாவது பிறரிடமிருந்து எடுத்த பிறபொருளெதிரிகள், ஏற்றுகிறார்கள். அபாட்டாசெப்ட்டும் தொடங்கியிருக்கிறது, அந்தப் பிரேக் புரதத்தின் பகுதியைக் கொண்டே செய்த மருந்து. வயிற்றுப்போக்கு நின்று, முதன்முறையாக ஒரு முழுத் தவணை பள்ளிக்கூடம் போனான்.

என் நாத்தனாரும் சொந்தத்தில்தான் கட்டினார். அவர் மகளுக்கும் காதில் சீழ். போன கிழமை முழங்காலுக்குக் கீழே புள்ளிகள் கண்டிருக்கின்றன. வியாழக்கிழமை அவர்களோடு நானும் பஸ் ஏறுகிறேன், மகனுடைய இரண்டு கொப்பிகளையும் எடுத்துக்கொண்டு.