காரணம் சொல்லாமல் மறுத்தது

"நாளையிலிருந்து நான் பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் சார்" என்று நான் சொன்னதும், "நான் ஏதாவது தப்பா நடந்துக்கிட்டேனா மேடம்?" என்று என் சக ஊழியர் கேட்டார். "இல்லை சார்" என்றேன். ஆண்டிறுதிக் கணக்கு முடிக்கும் நெருக்கடியில் வங்கியில் நடந்த பேச்சு அவ்வளவுதான். ஆனால் அந்த 'இல்லை' இன்னும் என்னை விட்டபாடில்லை.

அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை என்பது முழு உண்மை. வேலை முடிய இரவாகும் நாட்களில், தம் வீட்டுக்குப் போகும் வழியில் என்னை இறக்கிவிடுவார். அதற்காகவே இரண்டாவது ஹெல்மெட் ஒன்றைக் கொண்டுவந்து மேசைக்கடியில் வைத்திருந்தார். தடுமாற்றம் என்னுடையது. வேகத்தடையில் பிடிமானத்துக்காக அவர் தோளில் வைத்த கையை, அதைத் தாண்டிய பிறகும் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் காலையில் பீரோவைத் திறந்து புடவை எடுக்கும்போதே இரவில் வண்டியில் போவது நினைவுக்கு வந்தது. கணவர் மஸ்கட்டில் இருப்பதை இதற்குக் காரணமாகச் சொல்ல நான் விரும்பவில்லை. "அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு, சோதிக்கப்படுகிறான்" என்று வேதத்தில் யாக்கோபு எழுதும்போது, பழியை வேறு யார்மேலும் போட இடம் வைக்கவில்லை.

எங்கள் சபையில் இதைப் பற்றிப் பிரசங்கம் என்றால் ஆதியாகமம் 39ஆம் அதிகாரம்தான். எஜமான் போத்திபாரின் மனைவி இச்சையோடு யோசேப்பின் வஸ்திரத்தைப் பிடிக்கிறாள், அவன் அதை விட்டுவிட்டு ஓடுகிறான். வாலிபர்களுக்கு அதில் யோசேப்பு இருக்கிறான்; இச்சையோடு போராடுகிற ஒரு பெண்ணுக்கோ அந்த மனைவியைத் தவிர வேறு யாரும் இல்லை. ஆகவே நானும் யோசேப்பைப் போலவே ஓடினேன். "வேசித்தனத்திற்கு விலகியோடுங்கள்" என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதியது பெண்களுக்கும் சேர்த்துத்தான். நின்று போராடிப் பார் என்று அவர் சொல்லவில்லை.

ஆனால் யோசேப்பு ஓடுவதற்கு முன்பே காரணம் சொன்னான். எஜமான் தன்மேல் வைத்த நம்பிக்கையையும், தேவனுக்கு விரோதமாய்ப் பாவம் செய்ய முடியாது என்பதையும் அவளிடம் வெளிப்படையாகச் சொல்லியே மறுக்கிறான். நான் எதையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், என்னிடம் எதுவும் கேட்காத ஒரு மனிதரிடம் என் ஆசையை நானே அறிவித்ததாக ஆகியிருக்கும். மூட நினைத்த கதவை நானே திறந்துவிட்டதாகவும் ஆகியிருக்கும். இந்த நியாயத்தில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆயினும் அதற்குப் பிறகு அவர் வவுச்சர்களைக்கூட பியூனிடம் கொடுத்தனுப்புவதையும், மற்றப் பெண் ஊழியர்களிடமும் பேச்சைக் குறைத்துக்கொண்டதையும் பார்க்கும்போது, என் சோதனையின் பாரம் அவர் தலைமேல் விழுந்துவிட்டதோ என்று மனம் உறுத்துகிறது.

1948இல் கலிபோர்னியாவிலுள்ள மொடெஸ்டோவில் அமெரிக்க சுவிசேஷகர் பில்லி கிரகாமும் அவருடைய உடன் ஊழியர்களும் கூடிப் பேசியதன் விளைவாக, மனைவியல்லாத பெண்ணோடு தனியாகப் பயணம் செய்வதில்லை, சாப்பிடுவதில்லை என்ற ஒழுங்கை அவர் கடைப்பிடித்தார். அந்த எச்சரிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் அதே ஒழுங்கை அலுவலகத்தில் ஒரு மேலதிகாரி கடைப்பிடித்தால், செய்யாத குற்றத்துக்காகப் பெண் ஊழியர் ஒதுக்கப்படுவார் என்று வாதாடுகிறவளும் நானே. இப்போது நான் என் சக ஊழியருக்குச் செய்ததும் வேறென்ன? சமாரியப் பெண்ணோடு கிணற்றருகே தனியாகப் பேசிய இயேசுவைக் கண்டு சீஷர்கள் ஆச்சரியப்பட்டார்கள், அவர் தயங்கவில்லை. ஆனால் அவருடைய இருதயம் எனக்கு இல்லையே. இல்லாததை இருப்பதாகப் பாவித்து மறுபடியும் அந்த வண்டியில் ஏறியிருந்தால், அது விசுவாசமல்ல, துணிகரம்.

அவருக்கு மாற்றல் வரும் நாளில், "உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை சார், காரணம் நான்தான்" என்று மட்டுமாவது சொல்லிவிடலாமா என்று எண்ணுகிறேன். அவருக்குச் செய்ய வேண்டிய நியாயம் அது என்றே நம்புகிறேன். அவரோடு தனியாகப் பேச இன்னொரு வாய்ப்பைத்தான் என் மனம் இப்படித் தேடுகிறதோ என்றும் பயப்படுகிறேன்.